சலங்கை கட்டிய தையல் பெண்கள்

ஆடிய ஊர்கள்: வரலாற்றுத் தொடர் – 9

சென்ற பகுதியை 1899 டிசம்பர் 26 அன்று நிறுத்தியிருந்தோம். ஆக்ஸ்ஃபோர்டை ஒட்டிய ஹெடிங்டனில் கடும் பனி. கட்டட வேலை நின்றுபோய், கையில் காசில்லாமல் தவித்த ஹெடிங்டன் குவாரி ஊர்க்காரர்கள், பெந்தெகொஸ்தே திருநாளில் மட்டுமே ஆடும் மாரிஸ் ஆட்டத்தைக் குளிர்காலத்தில் ஆடிச் சில்லறை தேடக் கிளம்பியிருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் அவர்கள் ஆடியபோது உள்ளே இருந்து பார்த்தவர் செசில் ஷார்ப். மாமியார் வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த இசை ஆசிரியர். கான்சர்டினா வாசித்த வில்லியம் கிம்பர் 27 வயதுக் கொத்தனார். மறுநாள் கிம்பரை வரச்சொல்லி, ஷார்ப் ஐந்து மெட்டுகளை எழுதிக்கொண்டார்.

இந்தப் பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குபவர்களுக்காக ஆட்டத்தைப் பற்றிச் சில வரிகள். ஆறு பேர் மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் எதிரெதிரே நிற்பார்கள். வெள்ளை உடை, மார்பின் குறுக்கே வண்ணப் பட்டை, முழங்காலுக்குக் கீழே தோல் வாரில் தைத்த சிறு மணிகள். இரு கைகளிலும் வெள்ளைக் கைக்குட்டை, அல்லது குறுந்தடி. நம் ஊர் ஒயிலாட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கைக்குட்டை வீச்சும் சலங்கை ஒலியும் சட்டென்று பிடிபட்டுவிடும். ஆட்டம் பழையது. 1448ஆம் ஆண்டில் லண்டன் பொற்கொல்லர் சங்கம் மாரிஸ் ஆடியவர்களுக்கு 7 ஷில்லிங் கொடுத்ததாகக் கணக்கு இருக்கிறது. நமக்குக் கிடைக்கும் முதல் பதிவு அதுதான். அரண்மனையிலும் நகர விழாக்களிலும் தொடங்கி, நூற்றாண்டுகள் போக்கில் கிராமத்து உழைப்பாளிகளின் கைக்கு வந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கும் அருகிப் போனது. பாம்ப்டன், அபிங்டன் போன்ற சில ஊர்கள் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. ஹெடிங்டன் குவாரியிலும் 1887 வாக்கில் ஆட்டம் நின்றுவிட்டது. பெர்சி மானிங் என்ற பழமை ஆர்வலர் பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடித்து 1899 மார்ச்சில் ஆக்ஸ்ஃபோர்டு மேடையில் ஏற்றியதால்தான் அந்த டிசம்பரில் ஷார்ப்பின் கண்ணில் அது பட்டது.

ஷார்ப் எழுதிய மெட்டுகள் ஆறு ஆண்டுகள் குறிப்பேட்டிலேயே கிடந்தன. மெட்டைப் பிடித்த காது காலடியைக் கவனிக்கவில்லை. ஆட்டத்தை மறுபடி ஆட வேண்டும், அதுவும் ஊரே ஆட வேண்டும் என்று முதலில் தோன்றியது வேறொருவருக்கு. அவரை ஆங்கில நாட்டார் கலை வரலாறு அரை நூற்றாண்டுக்கு மேல் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தது. அந்த ஓரத்திலிருந்து அவரை நடுக்கூடத்துக்குக் கொண்டுவருவதற்காகவே இந்தப் பகுதியின் பெரும்பங்கை ஒதுக்கியிருக்கிறேன்.

மேரி நீல் 1860ல் பர்மிங்காமில் பிறந்தவர். தகப்பனார் பொத்தான் தொழிற்சாலை வைத்திருந்தவர். வசதியான வீடு. அந்த வீட்டை விட்டு 1888ல் லண்டன் வந்து, மெதடிஸ்ட் சபையின் மேற்கு லண்டன் ஊழியத்தில் சேர்ந்தார். அங்கேதான் எமலின் பெதிக் அவருக்குத் தோழியானார். பிற்காலத்தில் பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தின் பொருளாளராக விளங்கிய எமலின் பெதிக்-லாரன்ஸ் இவரே. இருவரும் 1895ல் சபையை விட்டு வெளியேறி, செயின்ட் பாங்க்ராஸ் பகுதியில், கம்பர்லாண்ட் சந்தையருகே, உழைக்கும் பெண்களுக்காக எஸ்பரான்ஸ் மன்றத்தைத் தொடங்கினார்கள்.

மன்றத்துக்கு வந்த பெண்களில் மிகப் பலர் தையல் தொழிலாளிகள். சீமாட்டிகள் விருந்துக்கும் நடனத்துக்கும் ஆடை கேட்டு வரிசையில் நிற்கும் மாதங்களில் காலையில் குனிந்த கழுத்து இரவு வரை நிமிராது. அந்தப் பருவம் முடிந்ததும் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. இந்த நிலையை வெறும் பாட்டும் விளையாட்டும் மாற்றாது என்பது இரு தோழிகளுக்கும் தெரிந்திருந்தது. ஆகவே ஒரு கூட்டுறவுத் தையலகத்தையும் நிறுவி, அதில் நாளுக்கு 8 மணி நேர வேலை என்று வைத்தார்கள். லிட்டில்ஹாம்ப்டன் கடற்கரையில் அந்தப் பெண்கள் விடுமுறையைக் கழிக்க ஒரு விடுதியும் எழுந்தது. மாரிஸ் மறுமலர்ச்சியைப் பற்றி எழுதுபவர்கள் இந்தத் தையலகத்தைத் தாண்டி நேரே மேடைக்குப் போய்விடுகிறார்கள். அது சரியல்ல. எட்டு மணி நேரத்தில் வேலை முடிந்தால்தான் மாலையில் ஆடக் கால்களில் தெம்பு மிச்சமிருக்கும்.

மன்றத்தின் இசைப் பொறுப்பாளர் ஹெர்பர்ட் மக்கில்வெயின். 1905ல் நாட்டுப்புறப் பாடல்கள் பற்றிய ஷார்ப்பின் நேர்காணலைச் செய்தித்தாளில் படித்துவிட்டு அவர் சொல்ல, மேரி நீல் ஷார்ப்பைப் போய்ப் பார்த்தார். சாமர்செட் கிராமங்களில் ஷார்ப் சேகரித்த பாடல்களை மன்றத்துப் பெண்கள் எளிதாகப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு வந்தது, இதற்கு ஏற்ற ஆட்டமும் இருக்கிறதா என்று நீல் கேட்டார். ஷார்ப்புக்கு ஆறு ஆண்டுக்கு முந்தைய பனிக்கால வாசல் நினைவுக்கு வந்தது. கிம்பரின் பெயரைச் சொன்னார்.

நீல் ரயிலேறி ஆக்ஸ்ஃபோர்டு போனார். ஹெடிங்டனில் கிம்பரைத் தேடிக் கண்டுபிடித்து, லண்டனுக்கு வந்து எங்கள் பெண்களுக்குக் கற்றுத் தரமுடியுமா என்று கேட்டார். கிம்பர் தன் உறவினர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அந்த மாலைகளை மனதில் நிறுத்திப் பார்க்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டுப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர், பகலெல்லாம் ஊசி பிடித்துவிட்டு வந்த லண்டன் பெண்களின் முன் நின்று, இடது கால், வலது கால் என்று காட்டுகிறார். இடையில் புத்தகம் கிடையாது. ஆடுபவரின் உடம்பைப் பார்த்து இன்னொரு உடம்பு கற்றுக்கொள்கிறது. 'பீன் செட்டிங்' என்ற ஆட்டத்தில் அவரைவிதை ஊன்றுவது போலத் தடியால் தரையைக் குத்தி, நிமிர்ந்து, எதிரில் நிற்பவரின் தடியோடு மோதவேண்டும். ஒருவர் அரைக் கணம் பிந்தினாலும் ஆறு தடிகளின் ஓசையில் அது அம்பலமாகிவிடும். சில மாலைகளிலேயே பெண்கள் ஆட்டத்தைக் கைவசப்படுத்திவிட்டார்கள். சேர்ந்து வேலை செய்து பழகியவர்களுக்குச் சேர்ந்து அடியெடுத்து வைப்பது இயல்பாக வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்து மன்ற விழாவில் ஆடினார்கள். பார்த்தவர்கள் பொது மேடைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். 1906 ஏப்ரலில் லண்டன் குவீன்ஸ் ஹாலில் முதல் பெரிய நிகழ்ச்சி நடந்தது; ஷார்ப்தான் விளக்கவுரை. பழங்காலக் கிராமத்துப் பாணியில் பூப்போட்ட பருத்தி உடையும் வெயில் தொப்பியும் அணிந்து, காலில் மணி கட்டி ஆடிய அந்தப் பெண்களைப் பற்றிப் பேச்சு பரவியது. எங்களுக்கும் கற்றுத் தாருங்கள் என்று ஊர் ஊராகக் கடிதங்கள் வந்தன. யாரை அனுப்புவது? ஆடத் தெரிந்தவர்கள் மன்றத்துப் பெண்கள் மட்டும்தான். ஆகவே அவர்களே ஆசிரியைகளாகப் புறப்பட்டார்கள். கிராமங்களிலும் பள்ளிகளிலும் மன்றங்களிலும், தங்களைவிடப் படிப்பிலும் செல்வத்திலும் மேலான ஆட்களையும் வரிசையில் நிறுத்தி ஆட வைத்தார்கள். நாட்டுப்புறம் மறந்துவிட்ட ஆட்டத்தை நகரத்துத் தையல் பெண்கள் நாட்டுப்புறத்துக்கே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இங்கிலாந்தின் கலை வரலாற்றில் இதற்கு நிகரான காட்சி எனக்குத் தெரியவில்லை.

அவர்களில் தலைசிறந்தவர் ஃப்ளோரி வாரன். ஆட்டத்தில் முதலாமவர், கற்பிப்பதிலும் அப்படியே. மேரி நீலோடு 1910 இறுதியில் அமெரிக்கா சென்று அங்கும் மாரிஸ் கற்பித்தார். அந்தப் பயணத்தின் விளைவாக அமெரிக்கர் ஒருவரை மணந்து அங்கேயே குடியேறினார்.

1907ல் ஷார்ப்பும் மக்கில்வெயினும் சேர்ந்து வெளியிட்ட 'தி மாரிஸ் புக்' முதல் பாகம் எஸ்பரான்ஸ் மன்றத்துப் பெண்களுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அந்த நட்பு அதிக காலம் நீடிக்கவில்லை. அதே ஆண்டின் இறுதியிலேயே விரிசல் தெரிந்தது. ஷார்ப்பின் வாதம் இது: ஆட்டத்துக்கு ஒரு சரியான வடிவம் உண்டு, பழைய ஆட்டக்காரர்களிடமிருந்து அதைத் துல்லியமாக எழுதி எடுக்கவேண்டும், முறையாகப் பயின்று தேர்ந்தவர்களே கற்பிக்கவேண்டும். நீல் சொன்னது வேறு. ஆட்டம் கிராமத்து ஆட்டக்காரரிடமிருந்து நேரடியாக, ஆளிடமிருந்து ஆளுக்குப் போகவேண்டும். உயிரோடு இருக்கும் ஆட்டம் ஆடுபவருக்கு ஏற்பச் சற்று மாறத்தான் செய்யும். அடி பிசகுவதைவிட ஆட ஆளில்லாமல் போவதே பெரிய இழப்பு. அவர் தொடர்ந்து முதிய ஆட்டக்காரர்களை லண்டனுக்கு வரவழைத்தார். அபிங்டனிலிருந்து ஹெமிங்ஸ் சகோதரர்கள் வந்தார்கள். கிம்பர் மட்டும் ஷார்ப்பின் பக்கமே நின்றார்.

ஷார்ப்பைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. 1907 முதல் 1913 வரை ஐந்து பாகங்களாக அவர் பதிவு செய்தவை இல்லையென்றால் பல ஊர்களின் ஆட்டங்கள் கடைசி ஆட்டக்காரரோடு புதைந்திருக்கும். ஆனால் அந்தச் சண்டை அடியெடுப்பைப் பற்றியது மட்டும் அல்ல. யார் கற்பிக்கலாம், யாருடைய சொல் செல்லும் என்பது அதற்குள் இருந்தது. ஒரு பக்கம் கேம்பிரிட்ஜில் படித்த இசை அறிஞர். மறுபக்கம் பெண்ணொருத்தி நடத்தும் தையல்காரிகள் மன்றம். அதன் தலைவி வாக்குரிமைப் போராளிகளின் லண்டன் குழுவிலும் இருந்தவர். அதிகாரம் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஊகிக்கலாம். 1909ல் கல்வி வாரியம் பள்ளி உடற்பயிற்சிப் பாடத்திட்டத்தில் மாரிஸைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் செல்சியில் ஒரு பயிற்சிப் பள்ளி ஷார்ப்பின் பொறுப்பில் தொடங்கியது. ஸ்ட்ராட்ஃபோர்டில் நீல் நடத்திய கோடைப் பள்ளி 1911ல் ஷார்ப்பின் கைக்குப் போனது. அவ்வாண்டு டிசம்பரில் ஆங்கில நாட்டார் நடனச் சங்கம் பிறந்தது, தலைமை ஷார்ப்புக்கு. 1914ல் போர் மூண்டதும் நீல் ஆட்டப் பணியை நிறுத்திக்கொண்டார். எஸ்பரான்ஸ் மன்றம் வரலாற்றிலிருந்து மெல்ல நழுவியது.

போர் ஷார்ப்பின் ஆட்டக் குழுவையும் விட்டுவைக்கவில்லை. அவரது செய்முறைக் குழுவில் ஆடிய இசையமைப்பாளர் ஜார்ஜ் பட்டர்வொர்த், டிடி, வில்கின்சன், லூகஸ் ஆகிய நால்வரும் 1916ல் போர்முனையில் மாண்டார்கள். ஆண்கள் இல்லாத அந்த ஆண்டுகளிலும் அதற்குப் பிறகும் வகுப்புகளை நடத்திச் சென்றவர்களில் பெரும்பாலோர் பெண் ஆசிரியைகள். ஷார்ப்பின் வலக்கரமாக இருந்த மாட் கார்ப்பெலஸ் அவர்களில் முதன்மையானவர்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதும்போது மனம் கசக்கிறது. மாரிஸ் என்பது கிறிஸ்தவத்துக்கு முந்தைய வளமைச் சடங்கின் மிச்சம் என்ற கருத்து, ஃப்ரேசரின் 'தி கோல்டன் பவ்' நூலின் செல்வாக்கில் வளர்ந்திருந்தது. ஷார்ப்பும் அதை நம்பினார். சடங்கென்றால் பூசாரி வேண்டும். பூசாரி ஆணாகத்தான் இருக்கவேண்டும். இந்தத் தருக்கத்தை 1920களில் கேம்பிரிட்ஜ் இளைஞர்கள் பற்றிக்கொண்டார்கள். 1934ல் கேம்பிரிட்ஜ், தாக்ஸ்டெட், லெட்ச்வொர்த் உள்ளிட்ட ஆறு குழுக்கள் கூடி 'மாரிஸ் ரிங்' என்ற அமைப்பை உருவாக்கின. ஆண்களுக்கு மட்டும். பெண்களிடம் படித்த ஆட்டத்தைக் கொண்டே பெண்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. முதுமையில் மேரி நீலே இந்த ஆண் சடங்குக் கருத்துக்கு ஆட்பட்டு, பெண்களை மாரிஸ் ஆட வைத்தது தவறோ என்று வருந்தி எழுதினார். எத்தனையோ பெண்களின் கால்களுக்கு விடுதலை கொடுத்தவர் அப்படி வருந்த நேர்ந்ததே என்று எனக்கு ஆற்றாமை. அவர் 1944ல் மறைந்தார்.

வளமைச் சடங்கு என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஜான் ஃபாரஸ்ட், மைக்கேல் ஹீனி போன்றோர் தேவாலயக் கணக்குகளையும் நகராட்சிப் பதிவுகளையும் புரட்டி எடுத்த சான்றுகள் அரசவையையும் நகர விழாக்களையுமே காட்டுகின்றன. பெண்கள் ஆடவில்லை என்பதற்கும் வரலாறு சாட்சி சொல்லாது. ஷேக்ஸ்பியர் குழுவின் நகைச்சுவை நடிகராக இருந்த வில் கெம்ப், 1600ல் லண்டனிலிருந்து நாரிச் வரை மாரிஸ் ஆடியபடியே சென்றார். ஆடிய நாட்கள் 9. அந்தப் பயணத்தைப் பற்றி அவரே ஒரு சிறுநூலும் எழுதினார். சட்பரி ஊரில் கட்டுமஸ்தான கசாப்புக்காரர் ஒருவர் உடன் ஆட வந்து அரை மைலிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த கிராமத்துப் பெண்ணொருத்தி அவரைக் கிண்டல் செய்து, பாவாடையைத் தூக்கிச் செருகி, கெம்ப் கொடுத்த மணிகளைக் காலில் கட்டிக்கொண்டு மெல்ஃபோர்டு வரை ஒரு மைல் ஆடினாள். 300 ஆண்டுகளுக்குப் பின் எஸ்பரான்ஸ் பெண்கள் செய்தது அவள் செய்ததுதான்.

கதவு மறுபடி திறக்க 1970கள் வரவேண்டியிருந்தது. பல்கலைக்கழகங்களிலும் ஊர்களிலும் பெண்கள் குழுக்கள் முளைத்தன. எதிர்ப்பும் ஏளனமும் வந்தன. 1975ல் அந்தக் குழுக்கள் பாத் நகரில் கூடி மகளிர் மாரிஸ் கூட்டமைப்பைத் தொடங்கின. சில ஆண்டுகளில் அது ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களையும் பின்னர் ஆண்கள் குழுக்களையும் சேர்த்துக்கொண்டு 'மாரிஸ் ஃபெடரேஷன்' ஆனது. ஒதுக்கப்பட்டவர்கள் கட்டிய வீட்டில் எல்லாருக்கும் இடம் இருந்தது. 1979ல் 'ஓப்பன் மாரிஸ்' வந்தது. மாரிஸ் ரிங்கோ மூப்படைந்துகொண்டிருந்தது. 2009ல் அதன் செயலாளரே, இளைஞர்கள் வராவிட்டால் இருபது ஆண்டுகளில் மாரிஸ் அழிந்துவிடும் என்று எச்சரித்தார். செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக வெளியிட்டன. ஆனால் பெண்களையும் கலப்புக் குழுக்களையும் ஏற்ற இடங்களில் புதிய கால்கள் வந்துகொண்டுதான் இருந்தன. கடைசியில் 2018ல் ரிங்கும் தன் விதியை மாற்றிப் பெண்களுக்கு இடமளித்தது.

எல்லாருக்குமான ஆட்டம் என்பது பாலினத்தோடு முடிகிற கணக்கும் இல்லை. வேல்ஸ் எல்லையோர மாவட்டங்களின் 'பார்டர் மாரிஸ்' ஆட்டத்தில் முகம் முழுக்கக் கரி பூசும் வழக்கம் இருந்தது. பிச்சை கேட்கும்போது ஆள் தெரியாமலிருக்கப் பூசிய வேடம் என்று விளக்கம் சொன்னார்கள். ஆனால் கறுப்பின மக்களை இழிவுபடுத்திய 19ஆம் நூற்றாண்டு மின்ஸ்ட்ரல் மேடை நிகழ்ச்சிகளின் சாயல் அதில் படிந்திருப்பதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். நோக்கம் எதுவானாலும், தெருவில் நின்று பார்க்கும் கறுப்பினக் குடும்பத்துக்கு அந்த முகம் என்ன சொல்கிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லை. 2020 ஜூலையில் மூன்று மாரிஸ் அமைப்புகளும் சேர்ந்து, முழு முகக் கரிப்பூச்சைக் கைவிடவேண்டும் என்று அறிவித்தன. பல குழுக்கள் நீலம், பச்சை, ஊதா என்று மாறின. பாக்கப் ஊரின் பிரிட்டானியா கோக்கோநட் டான்சர்ஸ் குழு உடன்படாமல் வெளியேறியது. அறிவிப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன். நிறம் மாறிய பின்னும் தடிகள் அதே வேகத்தில் மோதுகின்றன.

குளோஸ்டர்ஷயரின் ஸ்ட்ரவுட் ஊரில் 2015ல் தொடங்கிய 'பாஸ் மாரிஸ்' என்ற பெண்கள் குழு, பளபளக்கும் உடையும் விசித்திர விலங்கு வேடங்களுமாக ஆடி, 2023 பிப்ரவரியில் பிரிட் விருது மேடையில் 'வெட் லெக்' இசைக்குழுவோடு தோன்றியது. அன்று மாரிஸைப் பார்த்த இளைஞர்களில் பலர் அதற்கு முன் அதைக் கேலிப்பொருளாக மட்டுமே அறிந்தவர்கள். மேரி நீலின் வம்சத்தைச் சேர்ந்த ஒருவர் காப்பாற்றி வைத்திருந்த அவரது ஆவணங்கள், ஷார்ப்பின் பெயரால் அமைந்த லண்டன் செசில் ஷார்ப் ஹவுஸிலேயே இப்போது சேர்க்கப்பட்டிருக்கின்றன.

இன்றைய குழுக்களின் ஆண்டு இப்படிப் போகிறது: இலையுதிர் காலத்தில் பயிற்சி தொடங்கும். வாரம் ஒரு மாலை, ஊர்ப் பொது மண்டபத்திலோ பள்ளிக் கூடத்திலோ. ஆட்ட ஆசான் அடி சொல்லித் தருவார். ஆடத் தெரியாதவர்கள் சேர அதுவே சரியான சமயம். பல குழுக்களில் முன்தேர்வு எதுவும் கிடையாது. முழங்கால் தளர்ந்தவர்கள் வாத்தியத்துக்கோ விதூஷகன் வேடத்துக்கோ மாறிக்கொள்வார்கள். மே முதல் நாள் விடியற்காலையில் ஊர் மேட்டிலோ சதுக்கத்திலோ முதல் ஆட்டம். பிறகு செப்டம்பர் வரை மதுக்கடை முற்றங்களிலும் சந்தைத் தெருக்களிலும் ஆட்டம்தான்.

இத்தனைக்கும் நடுவே, மேற்சொன்ன எந்த அமைப்பும் வெகுகாலம் திரும்பிப் பாராத ஒரு மாரிஸ் இருக்கிறது. லங்காஷயர், செஷயர் தொழில் நகரங்களில், கையில் பூங்குஞ்சமும் காலில் வெள்ளைக் காலணியுமாகச் சிறுமிகள் போட்டிக்கு ஆடும் கார்னிவல் மாரிஸ். தாயிடமிருந்து மகளுக்கு வந்தது. யாரும் வந்து மீட்டுத் தரவேண்டிய அவசியம் அதற்கு இருந்ததில்லை. அடுத்த பகுதியில் அந்தச் சிறுமிகளோடு வடக்கே போவோம்.

(தொடரும்)